இருபது அடி

வீட்டுக்குப் பின்னால், ரப்பர் வரிசையில்,
அவரே நாடா பிடித்து அளந்தார்.
கடைசி மரத்திலிருந்து பலாக்குற்றி வரை
இருபது அடி, ஒரு சாண் கூடுதல்.
கூடினால் நல்லதுதான் என்றார்.
சில டாக்டர்கள் பின்னால் நகர்ந்து நின்றுகொள்வார்களாம்.

குலசேகரத்தில் இரண்டு நாளாய் மழை இல்லை.
மரங்களின் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை,
சிரட்டைகளில் வெளுத்த நீர்.
எனக்கு முதுகைக் காட்டி நின்றார் ஹவில்தார் வில்பிரட்.
நல்ல காதை விரலால் அடைத்துக்கொண்டார்.
பீரங்கிக்குப் பக்கத்தில் பதினான்கு வருடம் நின்ற காது
எனக்கு மிச்சம்.

பட்டாளத்தில் ஒரு ஆளை
ஐந்து எழுத்தில் எழுதி முடித்துவிடுவார்கள்.
மனசு, காது, கைகால், உடம்பு, கண்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.
எல்லாம் ஒன்று என்றால் பனிக்கு மேலே போகலாம்.
காதுக்கு நேராக மூன்று விழுந்தால்
கீழே ஸ்டோரில் இருந்து கம்பளி எண்ணலாம்.
நாயிப் சுபேதார் பட்டை வேறு தோளுக்கு.

நான் முந்திரி ஆலையில் கணக்கு எழுதுகிறவள்.
இந்தி தெரியாது.
அவர் தமிழில் எழுதித் தந்த இந்தியை
மூச்சால் மட்டும் சொன்னேன்.
பச்சாஸ்.
பச்சாஸ் என்றார்.
சாத்.
சாட் என்றார்.
ஏழுக்கு அறுபது.
மகளின் நாலுகோட்டு நோட்டில் தப்பு போட்டேன்.
வித்தியாசம் ஐம்பத்துமூன்று.
எங்கள் ஆலையில் இதற்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

அடுத்த ஆழ்ச்சையில் பத்துக்கு எட்டு.
அதற்கு மறுநாள் ஒன்பது.
கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே
புட்டசாமியைப் பற்றிப் பேசினார்.
ஹாசன்காரன், கூட நிற்கிறவன்.
ராத்திரி மேலே இரண்டு பேர்தான்.
ஒருவர் நிற்க, ஒருவர் இரண்டு மணிநேரம் உறங்க.
காற்று அடங்கினால்
ஒரு கல் உருண்டாலும் கேட்குமாம்.
புட்டசாமியின் குறட்டை மட்டும்
கேட்டதே இல்லையாம்.
போன லீவில் இதைச் சொன்னபோது
நானும் சிரித்திருந்தேன்.

மறுநாள் காலையில்
பலாக்குற்றிப் பக்கம் நின்று, தாளைப் பிடித்து,
நான் வாயைத் திறக்கவில்லை.

'பச்சீஸ்' என்றார்.

ஒரு மரங்கொத்தி தட்டிவிட்டு நிறுத்தியது.
இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன்.

'தஸ்' என்றார்.

தாளில் அதே வரிசைதான் இருந்தது.
மூச்சளவில் சொன்னேன்,
'நான் ஒண்ணும் சொல்லல்ல.'

'சாத்' என்றார்,
தெளிவாக, விறைப்பாக,
யாரோ பெரிய அதிகாரி எதிரே இருப்பதுபோல.

பத்துக்குப் பத்து.
நோட்டில் என்ன எழுதுவது?
புட்டசாமிக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாள்,
பெயர் தெரியாது.
அவளும் எங்காவது
ஒரு பேனாவைப் பிடித்து நிற்கக்கூடும்.

அவர் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.
'எத்தனை?'
நான் நோட்டை நீட்டினேன்.
அவர் சொன்னது ஒரு பக்கம்,
நான் சொன்னது ஒரு பக்கம்.
என் பக்கம் மூன்று வரி காலி.

வெகுநேரம் பார்த்தார்.
பிறகு நாடாவைச் சுருட்டினார்.
நனைந்திருந்தது, மூன்று முறை சுருட்ட வேண்டியிருந்தது.
அன்று முழுக்கப் பேசவில்லை.
மகள் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.
அது காதா, கோபமா என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, குழித்துறையில் ஜம்மு வண்டி.
ஏசிப் பெட்டி, திறக்காத கண்ணாடி.
வண்டி அசையும்போது ஏதோ சொன்னார்.
எனக்குக் கேட்கவில்லை.
உதட்டை மட்டும் பார்த்தேன்,
அவர் இத்தனை நாள்
என்னைப் பார்த்ததுபோல.

போர்டுக்கு முன்னால் 'சொல்லிடுவேன்' என்றாரா,
யாரிடமும் 'சொல்லிடாதே' என்றாரா?

சரி என்று தலையசைத்தேன்.
எதற்கென்று தெரியாமலே.
பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.