பதினேழாம் இலக்கத் தூண்

ஒன்பதரைக்கென்று அழைப்பு.
பத்தேகாலுக்குத்தான் கோரம் சேர்ந்தது.
மின்விசிறி நாலில் இரண்டு சுழன்றது,
மற்ற இரண்டுக்கும் போன வரவுசெலவுத் திட்டத்திலேயே
காசு ஒதுக்கியாயிற்று.
நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்.
எவர் மேசையில் எப்படி அடித்தாலும்
என் தாளில் "கருத்துத் தெரிவித்தார்" என்றே விழும்.

கட்டாக்காலி மாடு, பிடித்த கூலி,
கட்டிய இடத்தில் அது தின்ற வைக்கோல்
இதிலேயே முக்கால் மணித்தியாலம்.
மீன் சந்தைக் கழிவுநீர் மறுபடி பிற்போடப்பட்டது.
வடை வந்தது.

பிறகு செயலாளர் ஒரு கடிதத்தை வாசித்தார்.
கொப்பித் தாள், கோடு தாண்டாத எழுத்து:
"வயற்கரை ஒழுங்கை பதினேழாம் இலக்கத் தூணில்
சபை போட்ட விளக்கைத்
தயவுகூர்ந்து கழற்றித் தரவும்.
இப்படிக்கு, கோணேசப்பிள்ளை அன்னரத்தினம்."

சபை சிரித்தது.
மல்லாவியில் இந்த மேசைக்கு
விளக்குக் கேட்டுத்தான் கடிதம் வரும்.
ஒரு தூணுக்காக இரண்டு வட்டாரம்
ஒரு கொடியேற்றம் முழுக்க முகம் பாராமல் இருந்தது.
தவிசாளரே ஜாம் போத்தலில் திரி போட்டு
ஓ.எல். படித்தவர்.
கழற்றச் சொல்லிக் கேட்பதற்குக் கோவையே இல்லை,
புதிதாய்த் திறக்கவேண்டும்.

காரணம் மறுபக்கத்தில் இருந்தது.
மொட்டைக்கறுப்பன் விதைத்திருக்கிறா.
சுற்றவர எல்லாம் குடலை கட்டிக் கதிர் தள்ளிவிட்டது.
வெளிச்சம் விழுகிற கால் ஏக்கர் மட்டும்
ஓலை ஓலையாய் உயர்ந்துகொண்டே நிற்கிறது.
"நெல்லு இரவை எண்ணித்தான் ஐயா கதிர் தள்ளும்.
என்ர பயிருக்கு
மார்கழி வந்ததே தெரியாது."

சிரிப்பு நின்ற இடத்தை நான் குறிக்கவில்லை.
அதற்கு நிரல் இல்லை.

உறுப்பினர் அருளானந்தம் யூட் எழும்பினார்:
அந்த ஒழுங்கையால்தான் ரியூசன் பிள்ளைகள் வருகிறார்கள்,
புடையன் கடித்தவர் இன்னும் ஆசுபத்திரியில்,
யானை வேலி தாண்டின கிழமை மறந்துபோச்சா?
எதிரணி, இது திட்டமிட்ட இருட்டடிப்பு என்றது.
தவிசாளர் மணியை அடித்தார்.
பிள்ளை முக்கியமோ நெல்லு முக்கியமோ என்று ஒருவர் கேட்க,
நெல்லில்லாமல் பிள்ளை எதைத் தின்னும் என்று இன்னொருவர் கேட்க,
நான் இருமுறை
"கருத்துத் தெரிவித்தார்" எழுதினேன்.

கடைசி வரிசையிலிருந்து
தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதுரகன்
கைபேசியிலிருந்து தலை எடுக்காமலே சொன்னார்:
"தகரம் ஒண்டு வளைச்சு வயல் பக்கம் மறைக்கலாம்."
செலவு?
"கிடங்கில பழைய பலகை கிடக்கு."
தீர்மானம் ஏழு தசம் மூன்று. ஏகமனதாக.

வெள்ளிக்கிழமை உழவியந்திரப் பெட்டியில் ஏணி போனது.
கோவைக்குப் படம் எடுக்க நானும் போனேன்.
அன்னரத்தினம் அக்கா பிளேன்ரீ தந்தா.
மேலே ஏறிய தகரத்தில் பாதி எழுத்து மிச்சம்,
"அவர்களை வரவேற்"
எந்த அமைச்சரோ,
பெயர் இருந்த பக்கம் வெட்டில் போய்விட்டது.

ஆறரைக்கு விளக்கு எரிந்தது.
ஒழுங்கையில் கல்லும் குழியும் துலங்கின.
(குழி, நிரல் இலக்கம் ஒன்பது.)
வரம்பிலிருந்து அங்கால்
கத்தியால் அரிந்த மாதிரி இருட்டு.
அக்கா விளிம்பில் நின்று அதற்குள் கையை நீட்டினா.
முழங்கைக்கு மேல் காணவில்லை.
"காணும்," என்றா.

"முறைப்பாடு தீர்க்கப்பட்டது" என்று எழுதிக்
கோவையை மூடியிருந்தேன்.
பங்குனியில் சோலைவரி கட்ட வந்தா.
கதிர் வந்ததா என்று
உத்தியோகத்துக்கு வெளியே கேட்டேன்.
"பாதி."
மீதிக் காசை எண்ணி முடிச்சில் வைத்தபிறகு சொன்னா:
"மிச்சம் வைக்கோல்தான் பிள்ளை.
நீங்கள் பிடிச்சுக் கட்டுற மாடுகளுக்கு
வேணுமெண்டால் விலை பேசலாம்."

வருகிற கூட்டத்துக்கு
நிரலில் சேர்த்திருக்கிறேன்.