பத்தில் ஒன்று பச்சை

பதினேழு நாளுக்கு முன் நான்தான் ஒட்டினேன்.
பால் வெள்ளை, இரண்டு பூச்சு.
இன்று மேசையில் கையை விரிக்கிறாள் துஷ்யந்தினி:
அவித்த உருளைக்கிழங்கின் தோல் நிறம்.

"உங்கட சாமான் சரியில்லைப் போல அக்கா."
கோபமில்லை.
பஸ் பிந்திப்போச்சு என்று சொல்கிற குரல்.

சாமானைத்தான் முதலில் சந்தேகித்தேன்.
போத்தலை வெளிச்சத்தில் பிடித்தால்
தண்ணீர்த் தெளிவு.
விளக்கில் கூடநேரம் வைத்தேனோ?
என்றால் பத்தும் ஒரேயளவாய்ப் பழுத்திருக்க வேண்டும்.
உப்புவெளி வெயில், சன்கிறீம்?
இரண்டு கைக்கும் ஒரே வெயில்தானே.
மஞ்சள்தூள்?
சோறு குழைக்கிற வலது கை
வெள்ளையாய்த்தான் இருக்கிறது.

எல்லாம் இடது கையில்.
பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல்.
எதையோ கிள்ளிப் பிடிக்கிற மூன்று.

சிகரெட்டோ என்று கேட்கவில்லை,
குனிந்து மணந்து பார்த்தேன்.
ஆஸ்பத்திரி மணந்தது.

"வீட்டில ஆருக்கும் புண்ணோ?"

வாசலில் ஒரு மான்
பஞ்சு வந்த அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நின்றது.
திருமலை மான்களுக்கு வெட்கமில்லை.
அவள் மானைப் பார்த்துச் சொன்னாள்:
"அவருக்குக் கால். சீனி வருத்தம்.
ரெண்டு விரல் எடுத்தாச்சு."

விடிய ஒருக்கா, ஹோட்டல் வேலை முடிந்து ஒருக்கா.
வலது கை கட்டுப் போடும்,
இடது கை பஞ்சு பிடிக்கும்,
பஞ்சில் அந்தக் கபில மருந்து.
அயடீனுக்குப் புண்ணும் அக்ரிலிக்கும் ஒன்றுதான்.

என் சாமான் சரி.
அந்த நிம்மதி வந்த கையோடு
கொஞ்சம் கூச்சமும் வந்தது.

அராவினேன். மேற்பூச்சோடு கறை போனது,
அடியில் என் பழைய வெள்ளை.

பிறகுதான் வலது சின்னவிரலைக் கண்டேன்.
ஓரம் கிளம்பி, உள்ளே தண்ணீர் போய்,
ஒரு பயறளவு பச்சை.

"அதுக்கு மேல கடும் நிறம் ஒண்டு பூசிவிடுங்கோ.
நாளைக்கு வெள்ளைக்காரர் முப்பது பேர் வருகினம்,
றிசெப்ஷன்ல நான்தான்."

மஞ்சளுக்கு மேல் பூசலாம்.
பச்சைக்கு மேல் பூசக்கூடாது.
ஈரத்தை அடைத்து வைத்தால்...
நான் சொல்லி முடிக்கவில்லை.

"அவற்ற காலும் முதல் இப்பிடித்தான்," என்றாள்,
"ஒருத்தருக்கும் காட்டாம,
சப்பாத்துக்குள்ளேயே வச்சிருந்தவர்."

தானே விரலை நீட்டினாள்.
அசிற்றோன் பஞ்சு, மேலே வெள்ளித்தாள்,
இருபது நிமிடம்.
பேசவில்லை. மின்விசிறி பேசியது.
டொக்யார்ட் பக்கம் ஒரு கப்பல் ஊதியது.
கழற்றியபோது அவளுடைய சொந்த நகம்
மெலிந்து, கூசிக்கொண்டு, வெளியே வந்தது.

ஒன்பதுக்குத்தான் காசு வாங்கினேன்.
கையுறைப் பெட்டி ஒன்றைச் சும்மா கொடுத்தேன்,
அதன் விலையை எண்ணி
விளக்கின் கீழ் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பச்சை தொட்ட அரத்தைக் குப்பையில் போட்டேன்.
கொப்பியில் எழுதினேன்:
துஷ்யந்தினி. சின்னவிரல் வெறுமையாய் விட வேண்டும்.
மாறாவிட்டால் டொக்டர்.
அடுத்த முறை,
நகத்தைப் பார்க்க முன்
கால் எப்படி என்று கேள்.