நான்கு கேடயங்கள்

கேடயம் நான்கு மன்னார்குடியிலிருந்து
முன்பே வந்துவிட்டது.
அதனால் பிரிவுகளும் நான்கு.
இது மட்டும் சண்டையில்லாமல் முடிந்தது.

திருத்துறைப்பூண்டி நூலக மாடி,
மின்விசிறிக்குக் கீழே மூன்று பேர், ஓரத்தில் நான்.
பாஸ்போர்ட் படம் எடுக்கிறவன்
கலைக்கு வந்த கதையை யாரும் கேட்கவில்லை.

இயற்கை என்றார் மருந்துக்கடை மெஹராஜ்.
போட்டால் எழுபது நாரை வரும் என்றேன்,
எல்லாம் உதயமார்த்தாண்டபுரத்து நாரை,
எல்லாம் இடப்பக்கம் பார்க்கும்.
கோயில் வேண்டாம் என்றார் ஸ்டெல்லா டீச்சர்,
கோபுரம் தானாகவே அழகாக நிற்கும்,
பிள்ளை அதில் என்ன செய்தது?

விவசாயம் தனி, மக்கள் தனி என்று
வேளாண் துறை உத்திராபதி எழுதினார்.
அப்படியானால் நடவுக்காரி எதில்?
கழுத்துக்கு மேல் மக்கள்,
முழங்காலுக்குக் கீழ் விவசாயமா?
டீச்சர் கேட்டதும்
பேனா மூடியைக் கடித்தார்.
மதகிலிருந்து குதிக்கிற பையன்
இயற்கையா விளையாட்டா என்பதற்குள்
டீ ஆறி ஆடை கட்டியது.

புத்தகம் திருப்ப வந்த நிரஞ்சனி
பத்தாம் வகுப்பு, கண்ணாடி உடைந்த போன்,
வாசலில் நின்றே கேட்டாள்:
இது எதுல சார் வரும்?

வெடித்த வரப்பு. அதில் ஒரு வளை.
சுற்றிலும் உருண்டை உருண்டையாக
கறுத்த ஈரமண்.

நண்டு. வரப்பைக் கெடுக்கும், விவசாயம் என்றார் இவர்.
உயிரினம், இயற்கை என்றார் அவர்.
அவள் தலையசைக்கவில்லை.
மேட்டூர் திறந்து இருபத்திரண்டு நாளாச்சு,
எங்க வாய்க்காலுக்கு இன்னும் வரல.
இந்த மண்ணு காலையில அது வெளிய தள்ளுனது.
நான் தண்ணின்னு நெனச்சு எடுத்தேன்.

கொஞ்ச நேரம் விசிறி மட்டும் பேசியது.
உத்திராபதி ஒரு வரியை அடித்துவிட்டு
'நீர்' என்று எழுதினார்.
அடித்தது எதை என்று அப்போது பார்க்கவில்லை.

பிறகுதான் டீச்சருக்கு விதி நினைவு வந்தது.
பெயர் மறைத்துத்தான் படம் பார்க்க வேண்டும்.
நீ எங்களுக்குக் காட்டிட்டியேம்மா,
இதைச் சேர்க்க முடியாதே.
சரி மிஸ், வேற இருக்கு என்றாள்.
படியிறங்கும் சத்தத்தில் கோபம் இருந்ததா?
மரப்படி. எல்லாருக்கும் அப்படித்தான் சத்தம் போடும்.

சுவரொட்டி வடிவமைப்பு என் பொறுப்பு.
பிரிவுக்கு ஒரு மாதிரிப் படம்.
மூன்றுக்குக் கடையிலேயே இருந்தது.
நான்காவதுக்கு மறுநாள் ஐந்தரை மணிக்கு
மொபெட்டில் கடைமடை வரை போனேன்.
வளைகள் இருந்தன. குனிந்தேன், படுத்தேன்,
சட்டையெல்லாம் புழுதி.

கடைக்கு வந்து திறந்து பார்த்தால்
வாய்க்கால், வரப்பு, வளை எல்லாம்
ஸ்டூலில் உட்கார்ந்து
காது இரண்டும் தெரிய
முகவாயைக் கொஞ்சம் தூக்கி
என்னையே பார்க்கின்றன.

அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.