எட்டாவது ஆள்

கானாடுகாத்தானில் ஏழு பேரைக் கடித்த நாய்
இப்போது என் கட்டைவிரல் அளவு மூளை.
குப்பியைத் திருகி மூடி, பஞ்சு சுற்றினேன்;
உடைந்தால் ஒரு சொட்டு விடாமல் குடிக்கும்.
அது கசியாத டப்பாவுக்குள். டப்பா தெர்மாகோலுக்குள்.
உலர்பனி மூச்சுவிட இடம் வைத்தேன்.
வளர்த்தெடுத்த கிருமி என்றால் ஏ;
இது தானாக வந்தது, பி.
சாய்சதுரம் ஒட்டி, 3373 தெரிகிறதா என்று
தள்ளிநின்று பார்த்தேன்.

“கண்டாங்கியா சார்?”
கூரியர் சவரிமுத்துவுக்குக் காரைக்குடிப் பெட்டி என்றால் சேலை,
இல்லாவிட்டால் சீப்புச்சீடை.
சொன்னேன்.
பேனாவைக் காதில் செருகினான், எடுத்தான்.
“செவலையா? வால் குட்டையா?”
“ஆமா.”
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினான்.
மஞ்சள் பத்து, கீழே நாலு புள்ளி.
ஊசி போடலையாம்.

உலர்பனி நாளைக் காலைவரை தாங்கும்.
பைக் சாவியைத் தேடினேன்.