கடற்பக்க யன்னல்

மூன்று கிழமையாக
ஹெட்ட எனவா என்கிறார் ஜயதிஸ்ஸ பாஸ்.
அவருடைய நாளை
பாணந்துறையில் யாரோ ஒருவரின் கூரையில்
ஏறி நிற்கிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நானே.
மேசைக் கத்தி, பாதி எரிந்த மெழுகுதிரி,
தேங்காயெண்ணெய்ப் போத்தல்,
காலி வீதி இரும்புக்கடையில் சண்டை பிடித்து வாங்கிய
பன்னிரண்டு பித்தளைத் திருகாணிகள்.
இரும்பு போதும் மிஸ், மலிவு என்றான் பையன்.
அவன் மருதானைப் பக்கம்.
வெள்ளவத்தை ஒழுங்கைகளில்
வாடகைக்காரருக்கு முந்தியே
உப்பு குடிவந்துவிடும்.

படுக்கையறை யன்னல்
ஆனி மழையில் ஊதிப்போய் இறுகி நிற்கிறது,
கலியாணத்துக்குத் தைத்த சட்டையைப்
பத்து வருஷம் கழித்துப் போட்டவர் மாதிரி.
இப்போது சீவக் கூடாது.
ஈரத்தில் சீவினால் மாசியில்
விரல் போகுமளவு இடைவெளி விழும்.
எங்கள் அலுவலகம் நெருக்கடி வருஷத்தில்
ஆறு பேரைச் சீவியது.
இப்போது எல்லாப் பக்கத்தாலும் காற்று.

விளிம்பில் மெழுகைத் தேய்த்து
தோளால் ஒரு இடி.
அரை அங்குலம் அசைந்தது. போதும்.

பிணைச்சல் ஓட்டைகள் பெருத்து
திருகாணி சும்மா சுற்றுகிறது.
விளக்குமாற்றில் நாலு ஈர்க்கு உருவி,
பசையில் தோய்த்து அடைத்து,
ஒடித்துவிட்டுத் திருகினேன்.
கடித்தது.
அந்தக் கடி உள்ளங்கையில் ஏற
தனியாகச் சிரித்துவிட்டேன்.
பக்கத்து பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த றிஸ்மியா
என்ன, பாஸ் வந்துட்டாரா என்றாள்.
வந்தாச்சு என்றேன்.

கடற்பக்க யன்னல் கடைசி.
ஒவ்வொரு கோச்சிக்கும் நடுங்குவது அதுதான்.
கோட்டைக்குப் போகிறதா, மொரட்டுவைக்கா என்று
கண்ணாடி கிடுகிடுக்கும் விதத்திலேயே சொல்வேன்.
உதிரும் புட்டியைச் சுரண்ட
வெள்ளைக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே ஆஸ்பத்திரி நீலம்.
ஆளுக்கொரு பூச்சு,
எல்லாமே முற்பணத்தில் கழித்தது.

சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவே
எதுவோ தடுத்தது. கத்தி நுனியால் நெம்பினேன்.
எட்டாக மடித்த காகிதம்.
ஆட்டத்தை நிறுத்த யாரோ செருகியது.

பொலிஸ் பதிவுப் படிவம், பிரதி.
சிங்களத்தில் அச்சு, தமிழில் பேனை.
வீட்டில் தங்கியிருப்போர் ஐவர்.
தர்மகுலசிங்கம். புவனலோஜினி.
வதனி என்று ஒரு பெயர், இன்னொரு பெயர் பாதி.
கொழும்பில் தங்கும் காரணம்: வைத்தியம், வைத்தியம், படிப்பு, வெளிநாடு.
ஐந்தாம் வரியில் மடிப்பு விழுந்து
வயது மட்டும் மிச்சம்.
19.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.
கதவுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில்,
இரவில் தட்டினால்
வெளிச்சம் போடாமலே கை எட்டுகிற உயரத்தில்.
அதை யன்னலில் செருகுவதென்றால்
பயம் முடிந்த பிறகா,
போகிற அவசரத்திலா,
இல்லை, கோச்சிச் சத்தத்தில்
ஒரு பிள்ளை நித்திரை கொள்ளவில்லை, அவ்வளவுதானா?

புட்டியை ரொட்டி மாவாகப் பிசைந்தேன்.
கண்ணாடியை அமர்த்தி
கத்தியை மூலையிலிருந்து மூலைக்கு
நிறுத்தாமல் இழுக்க வேண்டும்.
நான் நடுவில் நின்றுவிட்டேன்,
பெருவிரல் தடம் பதிந்துவிட்டது. இருக்கட்டும்.

இரும்புக்கடைச் சீட்டை எட்டாக மடித்து
அதே இடத்தில் செருகிப் பார்த்தேன்.
தடிப்புக் காணாது.
ஆறரைக் கோச்சிக்குக் கண்ணாடி
பழையபடி பேசத் தொடங்கியது.

படிவம் மேசையில் கிடக்கிறது,
தட்டையாகப் படுக்க மறுத்து
மடிப்பிலேயே எழும்பி நிற்கிறது.
அளவு அதுதான் சரி.
கை வரவில்லை.

புட்டி காய இரண்டு கிழமை செல்லும்.
அதுவரை ஆடட்டும்.