நிகழ்வு எதுவுமில்லை

பின்னூசி, கொண்டை ஊசி, வண்டிச் சாவி,
செருப்பின் கொக்கி,
இரும்பென்று சந்தேகப்பட்ட எல்லாவற்றையும்
வேலிக்கு வெளியே டப்பாவில் போட்டுவிட்டுத்தான்
உள்ளே நடப்பேன்.
சீவலப்பேரி சாலைக்குத் தெற்கே
கரிசலும் செம்மண்ணும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
பித்தளை ஆணி அடித்த மரக்கூண்டு.
அதற்குள்ளிருந்து பூமியின் காந்தம்
நொடிக்கொரு தரம் தன் அளவைச் சொல்லும்.

காந்த நடுக்கோடு அருகே ஓடுகிற சீமை இது.
வடக்கே போகப் போகத் தலைகவிழும் முள்
இங்கே ஏறக்குறைய மட்டமாய்ப் படுத்திருக்கும்,
மத்தியானச் சோற்றுக்குப் பிறகு
பாளையங்கோட்டையில் பாதிப்பேர் படுப்பதுபோல.

அன்று சித்திரைச் செவ்வாய்.
ஒன்று நாற்பதுக்குத் திரையில் கோடு துள்ளியது.
சூரியன்தான் என்று எழுந்து ஓடினேன்.
உச்சிமாகாளி.
ஆட்டுக்கு உடைமரக் குழை வெட்ட
அரிவாளோடு கூண்டுக்குப் பின்னால் நிற்கிறார்.
"டீச்சர், அரிவாளு கூடவா தெரியுது அதுல?"
தெரியும் அண்ணாச்சி. நாலு நானோடெஸ்லா.
"அப்பம் எம் பேரையும் எழுதிக்கிடுங்க."
எழுதினேன்.
13.40, அரிவாள், உச்சிமாகாளி.
நாள் முடிவில் அதற்குக் கீழே
சூரிய நிகழ்வு எதுவுமில்லை.
ஒப்பம், எப்சிபா.

ஒன்பது நாள் கழித்து
செயற்கைக்கோளின் கணக்கு வந்து சேர்ந்தது.
அதே செவ்வாய், அதே பகல்,
சூரியனின் முதுகுப்புறத்தில்
ஒன்று வெடித்திருக்கிறது.
எக்ஸ் கதிரை விளிம்பு மறைத்துக்கொண்டது.
காமா மட்டும் வந்திருக்கிறது,
அதுவும் இந்தப் பக்கத்து முகத்திலிருந்து,
வெடிப்பு அடங்கிய பிறகும் விடாமல்
ஐந்து மணி நேரம்.

வெடித்த இடம் அங்கே, வெளிச்சம் இங்கே.
கட்டுரைகளைப் புரட்டினேன்.
வெடிப்பு ஊதித் தள்ளிய அலையில் ஏறி
புரோட்டான்கள் காந்தக் கோட்டைப் பிடித்து
விளிம்பு சுற்றி வந்து
சூரியன் மேலேயே விழுந்திருக்கலாம் என்கிறார்கள்.
விழுந்த இடத்தில் ஒரு பையான் பிறக்கும்.
பிறந்தது என்று வாயெடுப்பதற்குள்
(அவ்வளவு நேரமெல்லாம் ஏது)
இரண்டு காமாவாகப் பிளந்துவிடும்.
ஒன்று எங்கோ.
ஒன்று எட்டு நிமிடமும் சொச்சமும் ஓடி
நம் பக்கம்.

கண் பார்க்கும் ஒளித்துகளைவிட
ஐந்து கோடி மடங்கு வலுத்தது.
அப்படிப்பட்டது
பொதிகை முகட்டுக்கு மேலே, விமானங்களுக்கும் மேலே
மெல்லிய காற்றில் முட்டிச் சிதறிப்போகிறது.
ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.
என் கோட்டுக்கும்.

அந்த ஐந்து மணி நேரம் நான் என்ன செய்தேன்?
தக்காளிச் சோறு. மின்வாரியத்துக்கு இரண்டு போன்.
சமாதானபுரத்தில் அரை டஜன் நாட்டுப்பழம்,
கனியவில்லை என்று பேரம்.
மாடியில் துணி எடுக்கையில்
மேற்கே அதை நேராகவே பார்த்தேன்.
கண் கூசியது, அவ்வளவுதான்.
அதன் முதுகில் எரிவதை
முகம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.
பக்கத்து வீட்டு ரோஸ்லினைக்கூட
அன்று எப்படியிருக்கே என்று கேட்டேன்.
நல்லாயிருக்கேன் என்றாள்.

பதிவேட்டை எடுத்தேன்.
அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, அது விதி.
கூண்டும் பொய் சொல்லவில்லை.
எழுதிய வரிக்கு முன்னால்
பென்சிலில் ஒரு சொல் மட்டும் செருகினேன்.
இங்கே.

மறுநாள் உச்சிப்பொழுதில்
வேலிக்கு வெளியே, என் ஊசிகளின் டப்பாவோடு
அரிவாளைச் சாய்த்துவிட்டு
தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார் உச்சிமாகாளி.
செம்பு நிறையக் குடித்தார்.
கூண்டைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கோடு அசையவில்லை.