ஒன்பதும் ஏழும்

லிஃப்ட் நின்று இரண்டு வருடம்.
பன்னிரண்டாம் மாடிக்குப் படியேறி வந்தோம்,
நானும் சொஹேலும் கோரிங் இயந்திரமும்.
மூச்சு வாங்காதது இயந்திரம் மட்டும்.
கீழே ஜாலான் துன் பேராக்கில் மழை.

இங்கே ஒரு காப்புறுதிக் கம்பெனி இருந்தது.
கார்ப்பெட்டில் மேசைக் கால்கள் அழுந்திய குழிகள்
இன்னும் வரிசை கலையாமல் வேலை பார்க்கின்றன.
அடுத்த வருடம் இதே இடத்தில்
யாரோ கட்டில் போட்டுத் தூங்குவார்கள்.
தூங்குகிறவர்கள் கனமில்லை,
கோப்புகள்தான் கனம்.
கணக்குப்படி இந்தக் கட்டடம்
இனிமேல் இளைப்பாறலாம்,
உச்சியில் நீச்சல் குளம் வேண்டுமென்று
மிஸ்டர் லியோங் கேட்காதவரை.

"சின்னக் குளம்தான், மிஸ் தாரகை."
தண்ணீருக்குச் சின்னது தெரியாது.
ஒரு மீட்டர் ஆழம் என்றால்
சதுர மீட்டருக்கு ஒரு டன்.

சொஹேல் துளைத்தெடுத்த கான்கிரீட் உருளையை
உடைத்து மருந்து தெளித்தேன்.
உள்ளே ரோஜா நிறம்.
வெளியோரம் முப்பத்து நான்கு மில்லிமீட்டர்
நிறமே ஏறவில்லை.
நாற்பத்தெட்டு வருடம் இந்த ஊர்க் காற்றை
அது இழுத்த ஆழம்.
கம்பி நாற்பதில் இருக்கிறது.
மிச்சம் ஆறு.
ஒரு பென்சில் தடிமன்கூட இல்லை.

பிறகு ஸ்கேனர்.
வரைபடத்தில் தூண் ஒன்றுக்கு எட்டுக் கம்பி.
சி-ஏழில் ஒன்பது.
நான்கு பக்கமும் சுற்றி வந்து
மூன்று முறை எண்ணினேன். ஒன்பதுதான்.
யார் பெற்ற பிள்ளையோ, நன்றாயிருக்கட்டும்
என்று நினைத்துக்கொண்டே
சி-எட்டுக்குப் போனால்
ஏழு.

கூட்டினால் பதினாறு.
லோரியில் வந்த கம்பி எல்லாம் உள்ளே போயிருக்கிறது,
ஒன்றும் திருடு போகவில்லை.
வெயிலோ, பசியோ,
யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டார்களோ,
திரும்பிய நேரத்தில்
பக்கத்துக் கூட்டில் கட்டிவிட்டான்.

சுமை கூட்டிப் பார்ப்பதில்லை.
தலைமேல் இருப்பதைக் காலடிக்கு இறக்கும்,
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
இத்தனை வருடம் அந்த ஏழு
எட்டு மாதிரி நின்றிருக்கிறது,
யாரிடமும் சொல்லாமல்.

"நின்னுக்கிட்டுதானே இருக்கு?" என்கிறார் லியோங்
அவருக்குத் தெரிந்த தமிழில்.
நின்றதற்கு நன்றி சொல்லலாம்.
நன்றியை எந்த நிரலில் எழுதுவது?

அறிக்கை:
சி-எட்டு, கார்பன் நார்ச் சுற்று, இரண்டு அடுக்கு.
சி-ஏழு, எட்டு என்றே கொள்க.
எல்லாத் தூணுக்கும் காற்றுப் புகாத மேற்பூச்சு.
குளம், இல்லை.
ஒன்பதாவது கம்பிக்குப்
படிவத்தில் கட்டம் கிடையாது.

இறங்கி வந்து தே ஓ கேட்டுக் காசு நீட்டினேன்.
கடைக்காரர் விரலைப் பார்த்தார்.
சிமெண்டுத் தூசியில் மருந்து பட்டு
நகமெல்லாம் ரோஜா.
"மருதாணியா? யாருக்குக் கல்யாணம்?"
தூணுக்கு என்று வாய்வரை வந்தது.
சீனி குறைச்சு என்றேன்.